நடை பழகும் குழந்தையுடன் சிங்கப்பூர்: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் ராட்சதச் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி இரவு 7.45 மணிக்குத் தொடங்கும். சென்னையிலிருந்து போன குழந்தையின் உடம்புக்கு அப்போது மணி 5.15 தான். மதியத் தூக்கம் முடிந்து, பால் குடித்து, விளையாட வெளியே தூக்கிப்போகச் சொல்லி அடம்பிடிக்கும் நேரம் அது.

அந்த ஊர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையோடு போகும்போது அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் பயணத்தின் நிம்மதியே இருக்கிறது. ஐந்தாறு நாள் பயணத்துக்குக் குழந்தையின் நேரத்தை மாற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தூக்கமும் சாப்பாடும் இந்திய நேரத்திலேயே நடக்கட்டும், ஊர் சுற்றுவதை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகின்றன.

குழந்தையோடு முதல்முறை வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சிங்கப்பூரையே சொல்வேன். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் உண்டு, பயணம் நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். நடைபாதையில் ஸ்ட்ரோலரை ஒரு கையால் தள்ளிக்கொண்டு போகலாம். காலையில் இட்லி கிடைக்கும். அவசரத்துக்கு உதவி கேட்கத் தமிழே போதுமான இடங்களும் நிறைய உண்டு.

1. காகித வேலைகள்

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பாஸ்போர்ட் சேவா மையத்தில் படம் எடுக்க மாட்டார்கள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா தேவை, கைக்குழந்தைக்கும் சேர்த்து. அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்), ஏஜென்ட்டின் கட்டணம் தனி. குழந்தையின் படம்தான் இதில் இழுத்தடிக்கும் வேலை. கட்டிலில் வெள்ளைப் போர்வையை விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுத்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். கண் திறந்திருக்க வேண்டும், நிழல் விழக் கூடாது, பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக் கூடாது.

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் ஒன்று நிரப்புங்கள். இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் கண்ணில் பட்டால் அது அரசுடையது இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருப்பது நல்லது. கேட்காமலும் விடலாம். ஆனால் கேட்கும்போது தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

எந்த மாதத்தில் போவது? சிங்கப்பூரில் வெயிலும் புழுக்கமும் ஆண்டு முழுக்க ஒன்றுதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். அங்கே ஜூனிலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியவும் பள்ளி விடுமுறை, எல்லா இடமும் நிரம்பி வழியும். பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள்.

2. விமானம்

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து பயணம் செய்யலாம், கட்டணம் குறைவு. இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை எடுக்க வேண்டும். பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில் வந்தால், போகும்போது மடி, வரும்போது இருக்கை. பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் இரவு விமானத்தை எடுக்கின்றன. குழந்தை தூங்கிவிடும், ஒரு நாள் ஹோட்டல் வாடகையும் மிச்சம் என்பது கணக்கு. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நள்ளிரவில் ஏறினால் சிங்கப்பூரில் காலை ஏழு மணிபோல இறங்குவீர்கள், குழந்தையின் உடம்பில் அப்போது மணி நாலரை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பி, குடியேற்ற வரிசையில் நிற்கவைத்து, அப்புறம் ஹோட்டலுக்குப் போனால் அறை மதியம் மூன்று மணிக்குத்தான் என்பார்கள். பெற்றோரும் தூங்காமல் இருப்பார்கள். முதல் நாள் மட்டுமில்லை, இரண்டாம் நாளும் இதனால் கெட்டுப்போகும். பகல் விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது எடுங்கள். இரவு விமானம்தான் வழி என்றால், முந்தைய இரவுக்கும் சேர்த்து அறையை எடுத்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து சேர்வோம் என்று ஹோட்டலுக்கு எழுதிவைத்துவிடுங்கள்.

மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் குழந்தை எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் காது வலிக்காது. பால், தண்ணீர், உறிஞ்சு குழாய் வைத்த கோப்பை, எதுவானாலும் சரி. ஏறும்போதே மொத்தப் பாலையும் கொடுத்துவிடாதீர்கள், இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும். சளி கட்டியிருந்தால் கிளம்புவதற்கு முன் குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தூங்குவதற்காக மருந்து கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஸ்ட்ரோலரை விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று செக்-இன் செய்யும்போதே கேளுங்கள். பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, தனிக் கட்டணமும் கிடையாது.

3. எங்கே தங்குவது

வீடு மாதிரி சமையலறையோடு ஒரு ஃபிளாட் எடுத்தால் குழந்தைக்கு வசதி என்று தோன்றும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைச் சுற்றுலாப் பயணிக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, குறைந்தது மூன்று மாதம் என்பது விதி. ஹோட்டலோ உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட்டோ மட்டும் பாருங்கள்.

இடம் என்று கேட்டால் லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடையில் என்பேன். சாப்பாடு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரயில் பாதை. அந்த நிலையத்தில் டவுன்டவுன் பாதையும் வடகிழக்குப் பாதையும் சந்திக்கின்றன. கார்டன்ஸ் பை த பேக்கு இறங்கும் பேஃபிரண்ட் போக, தாவரப் பூங்கா போக, செந்தோசா தீவுக்குப் போக இறங்கும் ஹார்பர்ஃபிரண்ட் போக, மூன்றுக்கும் ரயில் மாறவே வேண்டாம். ஸ்ட்ரோலரோடு ஒவ்வொரு முறை ரயில் மாறும்போதும் லிஃப்டைத் தேடி, வரிசையில் நின்று, பத்து நிமிடம் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையோடு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பெற்றோருக்குத் தெரியும். இன்னொன்று, குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இதே பகுதியில் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் குறைவிலை ஹோட்டல்களில் ஜன்னல் இல்லாத அறைகள் உண்டு. மதியத் தூக்கத்துக்கு இருட்டு நல்லதுதான், ஆனால் அந்த அறைகள் பெரும்பாலும் கட்டிலைத் தவிர இடமில்லாத அளவுக்குச் சிறியவை. நடை பழகும் குழந்தைக்குத் தரையில் நாலு அடி இடமாவது வேண்டும். பதிவதற்கு முன் அறையின் சதுர அடியைப் பாருங்கள். ஜன்னல் உள்ள அறையானால் திரைச்சீலை வெளிச்சத்தை முழுதாக மறைக்க வேண்டும். அங்கே விடிவது காலை ஏழு மணி சுமார், அதாவது குழந்தைக்கு நாலரை. திரை சரியில்லை என்றால் நேரக் கணக்கு முதல் நாளே உடையும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதும். வாரம் முழுக்க உழைக்கும் நம் ஊர்த் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடும் நேரம் அது. ஸ்ட்ரோலரை அந்த நேரத்தில் வேறு பக்கம் ஓட்டுங்கள்.

4. பெட்டியில் என்ன

டயப்பர், வைப்ஸ், பால் பவுடர் எல்லாம் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். டயப்பரை இரண்டு நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கே வாங்கலாம். பால் பவுடரை மட்டும் முழு நாட்களுக்கும் கொண்டுபோங்கள். நம் ஊர் பிராண்டு அங்கே இல்லாவிட்டால், பயணத்தின் நடுவில் புதுப் பாலைப் பழக்குவது யாருக்கும் நல்லதில்லை.

சத்துமாவு, பருப்புப் பொடி, ஒரு சிறு டப்பா நெய், அவல், கொஞ்சம் மசித்த சாதத்துக்கு வேண்டிய உப்பு, சீரகத்தூள். இவ்வளவு இருந்தால் எந்த ஹோட்டல் கெட்டிலும் சமையலறையாகிவிடும். இறைச்சியோ முட்டையோ கொண்டுபோக வேண்டாம். கசகசாவுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, வீட்டில் அரைத்த பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூயிங் கம் யாருடைய பையிலும் இருக்கக் கூடாது.

மருந்தில் உங்கள் டாக்டர் எடைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், டயப்பர் புண்ணுக்கான களிம்பு, கொசு விரட்டி, தெர்மாமீட்டர். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு முன் அனுமதி வேண்டும் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரோலர் எடையில்லாததாக, ஒரே இழுப்பில் மடங்குவதாக இருக்க வேண்டும். மழைக்கான பிளாஸ்டிக் உறை கட்டாயம். உடுப்பில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: மெல்லிய ஸ்வெட்டர். வெளியே வியர்த்துக் கொட்டும் ஊரில் மால், ரயில், கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் தோட்டம் எல்லாம் குளிரும். அங்கே நிறையக் கழிப்பறைகளில் கைக்குழாய் கிடையாது. ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டில் பையில் இருந்தால் குழந்தையைக் கழுவிவிட உதவும். சார்ஜருக்கு மூன்று சதுர முனை கொண்ட அடாப்டர் வேண்டும்.

5. குழந்தையின் கடிகாரம்

வீட்டில் காலை ஆறரைக்கு எழும் குழந்தை சிங்கப்பூரில் ஒன்பது மணிக்கு எழும். பத்து மணிக்கு மேல் வெளியே கிளம்பலாம். வீட்டில் பதினொரு மணிச் சாப்பாடு என்றால் அங்கே ஒன்றரை. இந்திய நேரம் ஒரு மணிக்குத் தூங்கும் குழந்தைக்கு அங்கே மூன்றரைக்குத் தூக்கம் வரும். சிங்கப்பூரில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், வெயிலின் எரிச்சலும் அப்போது அதிகம். ஊரே வெளியில் நிற்கச் சகிக்காத அந்த நேரத்தில் உங்கள் குழந்தை ஏசி அறையில் தூங்கிக்கொண்டிருக்கும். ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கு வெளியே வந்தால் வெயில் இறங்கியிருக்கும். இரவு எட்டரைக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குத் தூக்கம். குழந்தைக்கு அது எட்டரைதான்.

விளக்குக் காட்சி, நைட் சஃபாரி, மெரினா பே கரையோர நடை என்று சிங்கப்பூரின் அழகில் பாதி இரவில்தான். உள்ளூர்க் குழந்தைகள் தூங்கப் போகும் நேரம் அது. நம் ஊரிலிருந்து போன குழந்தைக்கு அது சாயங்காலம். இது நமக்குக் கிடைத்த வரம், அதை முதல் நாளே "புது நேரத்துக்குப் பழக்குகிறேன்" என்று கலைத்துவிடாதீர்கள். திரும்பி வந்த பிறகும் எதையும் சரிசெய்ய வேண்டியிருக்காது. குழந்தை வழக்கம்போல எழும், வழக்கம்போல விளையாடும்.

ஐந்து மணிக்கே கண் விழிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் அங்கே ஏழரைக்கு எழுவார்கள், மிருகக்காட்சிசாலை எட்டரைக்குத் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். அதற்கேற்ப மற்றதை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் இரண்டாவது கடிகாரமாக இந்திய நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சிணுங்கும்போது முதலில் அதைப் பாருங்கள். பசியா தூக்கமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

6. ஊருக்குள் போய் வருவது

0.9 மீட்டர் உயரத்துக்குக் கீழ் உள்ள குழந்தை, பெரியவரோடு வந்தால் ரயிலிலும் பேருந்திலும் இலவசம். பெரியவர்கள் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரை ஏற்ற வேண்டாம், அவசரமாக இருந்தாலும். பேருந்தில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம், உள்ளே அதற்கென்று இடம் உண்டு, பிரேக் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். பிஸ்கட் டப்பாவைக் கண்ணில் படாமல் பைக்குள் வைத்துவிட்டு ஏறுங்கள். நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே தண்ணீர் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

டாக்சி விஷயத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ள யாரும் காரில் போகக் குழந்தை இருக்கை வேண்டும். வழக்கமான டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு. கிராப் போன்ற செயலியில் வரும் தனியார் காருக்கு விலக்கு இல்லை, குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், அவர் மேல் தவறில்லை. செயலியிலேயே கிராப்ஃபேமிலி என்ற வகையைத் தேர்ந்தால் குழந்தை இருக்கையோடு கார் வரும், கட்டணம் சற்று அதிகம். விலக்கு இருக்கிறது என்பதால் டாக்சியில் போவது பாதுகாப்பாகிவிடாது. விமான நிலையத்துக்குப் போவது, விலங்குப் பூங்காக்கள் உள்ள மண்டாயிலிருந்து இரவில் திரும்புவது போன்ற நெடுஞ்சாலைப் பயணங்களுக்கு இருக்கை உள்ள காரையே எடுங்கள்.

7. எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அதற்கு மேல் நடந்தால் லாபம், நடக்காவிட்டால் நஷ்டமில்லை. வந்து சேர்ந்த நாளில் எந்த இடமும் வேண்டாம். அரசுக் குடியிருப்புகளுக்குக் கீழே விளையாட்டுத் திடல்கள் இருக்கும், அங்கே யாரும் போகலாம். மாலையில் உள்ளூர்த் தாத்தா பாட்டிகள் பேரக்குழந்தைகளோடு வருவார்கள். தரையில் மெத்தென்ற ரப்பர், சின்னச் சறுக்கு மரம், காற்று. குழந்தைக்கு அந்த ஊர் பிடித்துப்போவது அங்கேதான்.

தாவரப் பூங்காவை முதல் முழு நாளுக்கு வையுங்கள். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது, நுழைவு இலவசம். லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றே நிறுத்தம். ரயில் நிலையத்துப் பக்கமே ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. குழந்தை கூட இருந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள். மணலும் தண்ணீர் விளையாட்டும் உண்டு, மாற்றுடை எடுத்துப்போங்கள். பூங்காவில் உடும்புகள் தாமாகத் திரியும், குழந்தைகள் துரத்தப் பார்ப்பார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம், பாட்டிக்கு ஆசை என்றால் அவரும் தாத்தாவும் போய் வரட்டும், அதுவரை குழந்தை புல்வெளியில் ஓடட்டும்.

கார்டன்ஸ் பை த பேக்கு ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள். 2012இல் திறந்தது. மதியத் தூக்கத்தைச் சற்றே முன்னால் இழுத்து, ஐந்து மணிக்குள் அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள். முதலில் சிறுவர் தோட்டத்தின் தண்ணீர் விளையாட்டு. இது இலவசம், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்காரர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, பெரிய பிள்ளைகள் முட்டித் தள்ளும் பயம் குறைவு. நனைந்து முடித்து, உடை மாற்றி, எதையாவது சாப்பிடவைத்து, 7.30க்கு ராட்சத மரங்களின் கீழ் துண்டை விரித்துவிடுங்கள். 25 முதல் 50 மீட்டர் உயர மரங்கள் அவை. தலையை நிமிர்த்திப் பார்ப்பதைவிட எல்லோரும் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் அழகு. இசையோடு கால் மணி நேரம் நடக்கும், கட்டணம் இல்லை. தவறவிட்டால் 8.45க்கு இன்னொன்று. ஒலிபெருக்கிச் சத்தம் பெரிதாக இருக்கும், சத்தத்துக்குப் பயப்படும் குழந்தையானால் ஓரமாக உட்காருங்கள்.

இங்கே கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் தோட்டங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கிளவுட் ஃபாரஸ்ட். உள்ளே நுழைந்ததும் 35 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டும், சாரல் முகத்தில் அடிக்கும். அந்தக் கணத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள், அருவியைப் பிறகு பார்க்கலாம். மழை நாளுக்கு இதைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

ஜேக்கப் பல்லாஸ் தோட்டத்துக்கும் இங்கே உள்ள சிறுவர் தோட்டத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. திட்டம் போடும்போது இதை முதலில் பாருங்கள்.

மண்டாய் பகுதியில் விலங்குகளுக்கான பூங்காக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: 1973இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1994இல் வந்த நைட் சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், 2023இல் திறந்த பேர்டு பாரடைஸ், இன்னும் புதிதாக ரெயின்ஃபாரஸ்ட் வைல்டு ஏஷியா. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். சேர்த்து வாங்கினால் மலிவு என்ற ஆசையில் ஒரே நாளில் இரண்டு மூன்றைப் பார்க்கக் கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் வெயிலில் அழுதுகொண்டிருப்பார்கள். ஒன்று போதும்.

எது என்பது வயதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ரிவர் வொண்டர்ஸ். மற்றவற்றைவிடச் சிறியது, நிழல் அதிகம், பாண்டாக்கள் குளிர்ந்த அரங்கில் இருக்கும். அமேசான் காட்டு நீர்த்தொட்டியின் முன் தரையோடு தரையாக உட்காருங்கள். மானட்டி என்னும் பிரமாண்டமான நீர்ப்பசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெதுவாக நீந்திப் போகும். அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு மெதுவாக நகர்வதைச் சின்னக் குழந்தை அசையாமல் பார்க்கும். அரை மணி நேரம் அங்கேயே போனாலும் போகட்டும். இரண்டரை, மூன்று வயதுக்கு மிருகக்காட்சிசாலை. தலைக்கு மேல் கயிற்றில் உராங்குட்டான் போவதைக் கைகாட்டி, பெயர் சொல்லி ரசிக்கும் வயது அது. உள்ளே டிராம் வண்டி உண்டு, தண்ணீர் விளையாட்டும் உண்டு.

நைட் சஃபாரி குழந்தைகளுக்குச் சரிவராது என்று பலரும் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். அது இரவு 7.15க்குத் திறக்கிறது, இந்திய நேரக் குழந்தைக்கு அது மாலை 4.45. தைரியமாகப் போகலாம். மதியத் தூக்கம் நன்றாக முடிந்திருக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டை டிராமில் ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். டிராம் சவாரி சுமார் 40 நிமிடம், ஸ்ட்ரோலரை மடித்துவைக்கச் சொல்வார்கள், அதனால் கேரியர் துணி கையில் இருக்கட்டும். இருட்டைக் கண்டு அழும் குழந்தையானால் இதை விட்டுவிடுங்கள். மண்டாய்க்குக் காத்திப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து இருக்கிறது.

செந்தோசா ஒரு நாள். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி, விவோசிட்டி மாலின் வழியாக மோனோரயில் ஏறலாம், தீவுக்குள் பேருந்து இலவசம். காலையில் 2025இல் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம், அறைக்குத் திரும்பி மதியத் தூக்கம், தெம்பிருந்தால் மாலையில் பலவான் கடற்கரை மணல். கடலில் குழந்தையைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள், அலை இல்லை என்று அசந்துவிடக் கூடாது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இந்த வயதுக்கு வேண்டாம். பெரும்பாலான சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, வரிசையில் நிற்பதற்கே பணம் கொடுத்ததுபோல் ஆகும். பிள்ளை எட்டு வயதில் கேட்கும்போது கூட்டிப்போகலாம்.

ஒரு மாலை மிச்சமிருந்தால் மெரினா பே கரையில் நடங்கள். மெர்லயன் சிலை வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைக் குழந்தைகள் கைதட்டிப் பார்ப்பார்கள். பாதை முழுக்கச் சமதளம், ஸ்ட்ரோலரில் குழந்தை அப்படியே தூங்கிப்போனாலும் நீங்கள் நடந்துகொண்டே இருக்கலாம்.

8. சாப்பாடு

காலைக்கு லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, பொங்கல். கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது, ஆனந்த பவன் அதற்கும் முந்தையது. மசித்து ஊட்ட ரசம் சாதம், தயிர் சாதம் கேட்டால் கிடைக்கும், காரம் வேண்டாம் என்று தமிழிலேயே சொல்லலாம்.

வெளியே இருக்கும்போது உணவங்காடிகள் கைகொடுக்கும். குழந்தைக்கு மீன் உருண்டை சூப், அரிசிக் கஞ்சி, கோழிச் சாதத்தின் வெறும் சோறு, முட்டை இவையெல்லாம் காரமில்லாமல் கிடைக்கும். வேர்க்கடலை, இறால் போன்றவற்றை இதுவரை சாப்பிட்டிராத குழந்தைக்கு அங்கே முதல்முறையாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை வந்தால் வெளியூரில் சமாளிப்பது கடினம். பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் மேசைகளைப் பிடித்துவிடும். நம் குழந்தையின் மதியச் சாப்பாடு ஒன்றரைக்குத்தான் என்பதால், நாம் போகும்போது இடம் காலியாகும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும், அது அங்கே விதி.

9. உடம்புக்கு முடியாமல் போனால்

பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம். ஆம்புலன்ஸ் எண் 995, போலீஸ் 999. சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு அக்கம்பக்கத்து கிளினிக் போதும், ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடப்பது போன்றவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், நேராக கேகே மருத்துவமனை. அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்கும்.

கை, கால், வாய் நோய் அங்கே குழந்தைகளிடையே அடிக்கடி பரவும். விளையாட்டுத் திடலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். டெங்குவும் உண்டு, பகலிலும் மாலையிலும் முழுக்கை உடை போடுங்கள்.

தினமும் காலையில் கிளம்பும்போது குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கூட்டத்தில் கை நழுவினால் காவலரிடம் காட்ட அதுவே போதும். சட்டைக்குள் உங்கள் எண்ணை எழுதிய ஒரு சீட்டைக் குத்திவிடுங்கள்.

10. கிளம்பும் நாள்

சாங்கி விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஜுவல் கட்டடத்தில் கூரையிலிருந்து 40 மீட்டர் கீழே விழும் அருவியைச் சுற்றி நடக்கலாம். முதல் முனையத்திலிருந்து நடந்தே வரலாம், இரண்டாம், மூன்றாம் முனையங்களோடு பாலங்கள் இணைக்கின்றன. பெட்டிகளை முன்கூட்டியே போட முடியுமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள், முடியாவிட்டால் பெட்டி பாதுகாக்கும் இடம் உண்டு. குடியேற்றம் தாண்டிய பிறகு இலவச ஸ்ட்ரோலர்களும் விளையாட்டு இடங்களும் கிடைக்கும். மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. குழந்தை அங்கே ஓடிக் களைத்தால் விமானத்தில் தூங்கும்.

முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கடைசியில், விமானத்தில் ஏறும் வாயிலில்தான் நடக்கும். தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்யச் சொல்வார்கள், குழந்தையின் பாலுக்குத் தடையில்லை. சோதனை தாண்டி உட்காரும் பல அறைகளில் கழிப்பறை கிடையாது. டயப்பரை மாற்றிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.